சாய்வும் திருப்பமும்: மோட்டோகுரொஸ் பாவனை விளையாட்டுகள் பற்றிய ஓர் ஆராய்வு

கணினித் திரையிலே ஓடும் மோட்டார் சைக்கிளைப் பற்றிக் கல்லூரி விழா மலரில் எழுதப் புகுவது சிலர்க்கு வியப்பாகத் தோன்றலாம். விளையாட்டு என்பது பொழுதுபோக்கு. பொழுதுபோக்கிற்கு இலக்கணம் எதற்கு என்று அவர் வினவுவர். ஆயின் அத்திரைக்குப் பின்னே நிகழ்வது முழுவதும் கணிதமே. உயர்தர வகுப்பில் இணைந்த கணிதமும் பௌதிகவியலும் பயிலும் மாணாக்கர் வட்ட இயக்கத்தை ஒரு பாடத்திலும், உராய்வை இன்னொரு பாடத்திலும், கோண உந்தத்தை மற்றொன்றிலும் தனித்தனியே கற்றுப் பரீட்சை முடிந்ததும் அவற்றை மறந்துவிடுகின்றனர். இம்மூன்றும் ஒருங்கே கூடி, ஒரு செக்கனிலே பல நூறு முறை தீர்க்கப்பட வேண்டிய கணக்காக எழுந்து நிற்கும் இடம் ஒன்று உண்டெனின் அஃது இவ்விளையாட்டே ஆகும்.

மோட்டோகுரொஸ் என்பது மேடும் பள்ளமும் மணலும் சேறும் நிறைந்த மண் ஓடுபாதையில் மோட்டார் சைக்கிள்களை ஓட்டும் போட்டி. நம் நாட்டில் தியத்தலாவையில் நடைபெற்றுவந்த பொக்ஸ்ஹில் போட்டியைக் கண்டவர்க்கு இவ்வகை ஓட்டத்தின் தன்மை ஒருவாறு தெரிந்திருக்கும். இதனைக் கணினியிற் பாவனை செய்வோர் ஒலியையும் புழுதியையும் பாதையின் தோற்றத்தையும் மிக எளிதில் உண்மைபோல ஆக்கிவிடுகின்றனர். அவர்கள் இடறுவது ஓரிடத்திலேதான். வண்டி எவ்வாறு திரும்புகிறது, எவ்வாறு சாய்கிறது, இவ்விரண்டுள் எது முன் எது பின் என்னும் வினா அது. இவ்வினாவுக்குப் பிழையான விடையைக் கொண்ட விளையாட்டு எத்துணை அழகாயினும், உண்மையில் வண்டி ஓட்டியறிந்தவன் கையிலே பொம்மையாகவே நிற்கும்.

முதலிற் சாய்வை நோக்குவோம். வளைவிலே செல்லும் இருசக்கர வண்டி உட்புறமாகச் சாயாதிருப்பின் வெளிப்புறமாக விழுந்துவிடும் என்பது யாவரும் அறிந்ததே. எவ்வளவு சாய வேண்டும் என்பதற்குக் கணக்கு எளிது. வேகத்தின் வர்க்கத்தை, வளைவின் ஆரையையும் புவியீர்ப்பு ஆர்முடுகலையும் பெருக்கி வந்த எண்ணால் வகுத்தால், சாய்வுக் கோணத்தின் தாஞ்சன் கிடைக்கும். மணிக்கு 36 கிலோமீற்றர், அதாவது செக்கனுக்கு 10 மீற்றர் வேகத்தில், 15 மீற்றர் ஆரையுள்ள வளைவிற் செல்பவன் ஏறத்தாழ 34 பாகை சாய வேண்டும். வண்டியின் திணிவு இக்கணக்கில் வாராமை காண்க. பாரமான வண்டிக்கும் இலேசான வண்டிக்கும் சாய்வு ஒன்றே.

இவ்வளவும் பாடநூலிலே உள்ளது. பாடநூல் கூறாது விடுவது, நேராகச் சென்றுகொண்டிருந்த வண்டி அந்த 34 பாகைச் சாய்வை எவ்வாறு அடைந்தது என்பதையே. ஓட்டுபவன் உடலைச் சாய்த்தான், வண்டி சாய்ந்தது என்று பலரும் விடை கூறுவர். அவ்விடை முற்றிலும் பிழையன்று. ஆயினும் சிறு பகுதியே உண்மை. வேகமாகச் செல்லும் வண்டியை வலப்புறம் சாய்க்க விரும்புபவன் தன்னை அறியாமலே ஹான்டிலைக் கணநேரம் இடப்புறம் திருப்புகிறான். சக்கரங்கள் அவன் உடலுக்குக் கீழே இடப்பக்கமாக நகர்ந்துவிடுகின்றன. மேலே உள்ள திணிவு மையம் சடத்துவத்தால் தன் வழியிற் செல்ல முயல, வண்டி வலப்புறம் விழத் தொடங்குகிறது. வேண்டிய சாய்வு வந்ததும் ஹான்டில் மீண்டு வலப்புறம் சிறிது திரும்பி, விழுதலைத் தடுத்து, வண்டியை வளைவிலே நிறுத்துகிறது. எதிர்த்திருப்பம் என்று இதனைக் கூறலாம். விமானம் கண்ட ரைற் சகோதரர் முன்னர்ச் சைக்கிள் வணிகம் செய்தவர்கள் என்பது பலரறிந்த செய்தி. அவருள் மூத்தவராகிய வில்பர் இவ்வுண்மையை உணர்ந்து, சைக்கிள் ஓட்டுவோரை வினவிப் பார்த்தார். இடப்புறம் திரும்ப ஹான்டிலை இடப்புறம் திருப்புவதாகவே யாவரும் கூறினராம். கை அறிந்ததை நா அறிந்திலது.

வல்வெட்டித்துறையிற் பிறந்தார்க்கு இவ்விடத்தில் ஓர் அனுகூலம் உண்டு. வலப்புறம் செல்லக் கையை இடப்புறம் தள்ளுவது கடலோடிகளின் குடிவழி வந்தார்க்குப் புதுமையன்று. சுக்கான்தண்டை இடப்பக்கம் தள்ளினால் படகின் முன்பக்கம் வலப்பக்கம் திரும்பும் என்பதை இங்கு சிறுவரும் அறிவர். இயந்திரம் பூட்டிய படகிலும் அதன் கைபிடி அவ்வாறே இயங்குகிறது. இத்துறையிலே கட்டப்பெற்று, 1938 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தைச் சென்றடைந்த அன்னபூரணிக் கப்பலைச் செலுத்தியோரும் சுக்கானின் இவ்வியல்பைக் கையாலே கற்றவர்கள்தாம். சுக்கான் திரும்பியதும் கப்பலின் பின்பக்கம் திருப்பத்துக்கு எதிர்ப்புறமாக ஒதுங்குவது, சைக்கிளின் சக்கரங்கள் எதிர்ப்புறமாக நகர்வதை நினைவூட்டும். ஆயினும் உவமையை அதற்கு மேல் இழுத்துச் செல்லலாகாது. சுக்கான்தண்டின் எதிர்மாறு ஒரு நெம்புகோலின் எதிர்மாறு. சைக்கிளின் எதிர்மாறோ சமநிலையைக் குலைத்துப் பின் மீட்பதால் வருவது. அன்றியும் பாரம் ஏற்றிய கப்பல் வளைவிலே வெளிப்புறமாகச் சாயும். சைக்கிள் உட்புறமாகச் சாயும். கப்பலை மிதப்பு நிமிர்த்துகிறது. சைக்கிளை நிமிர்த்தத் தன் சக்கரங்களைத் தவிர வேறு துணையில்லை.

இருசக்கர வண்டி விழாமல் நிற்பது ஏன் என்னும் வினாவும் நெடுங்காலம் அறிஞரை வருத்தியது. கேம்பிரிட்ஜிற் பயின்ற விப்பிள் என்பார் 1899 ஆம் ஆண்டிலேயே அதன் இயக்கச் சமன்பாடுகளை எழுதினார். சுழலும் சக்கரத்தின் கோண உந்தமே காரணம் என்பாரும், முன்சக்கரம் நிலத்தைத் தொடும் இடம் ஹான்டிலின் அச்சுக்கோட்டுக்குச் சற்றுப் பின்னே விழுவதே காரணம் என்பாரும் என இரு கட்சியினர் இருந்தனர். 1970 இல் டேவிட் ஜோன்ஸ் என்னும் ஆங்கிலேயர், எவராலும் ஓட்ட முடியாத சைக்கிளைச் செய்து காரணத்தைக் கண்டறிய முயன்றார். எதிர்த்திசையிற் சுழலும் இன்னொரு சக்கரத்தைப் பூட்டிக் கோண உந்தத்தை அழித்தும் வண்டி ஓட்டக்கூடியதாகவே இருந்தது. 2007 இல் வெளிவந்த ஓர் ஆய்வு, ஒரு மாதிரிச் சைக்கிள் செக்கனுக்கு ஏறத்தாழ 4.3 மீற்றர் முதல் 6.0 மீற்றர் வரையுள்ள வேகங்களிலே கை தொடாமலும் தானே நிமிர்ந்து செல்லும் என்று கணித்துக் காட்டியது. 2011 இல் அதே வழியில் நின்றோர், கோண உந்தமும் இன்றிப் பின்விழுந்த தொடுகையும் இன்றித் தானே நிமிரும் சிறு வண்டியொன்றைச் செய்து காட்டினர். ஆகவே காரணம் ஒன்றன்று. திணிவு எங்கே கிடக்கிறது, ஹான்டில் அச்சு எவ்வளவு சரிந்துள்ளது என்பன போன்ற பல கூடியே பயன் விளைக்கின்றன. தைப்பொங்கல் நாளில் உதயசூரியன் கடற்கரையிற் பட்டம் ஏற்றுவோர்க்கு இதில் வியப்பிராது. முச்சையின் ஒரு நூலைச் சிறிது கூட்டிக் குறைத்தால் அதே பட்டம் விண்ணிலே அமைதியாக நிற்பதையும் தலைகுத்தி வீழ்வதையும் அவர் கண்டிருப்பர்.

நிற்க. இனி விளையாட்டுகளுக்கு வருவோம். நின்ரென்டோ நிறுவனத்தார் 1984 இல் வெளியிட்ட எக்சைட்பைக் என்பது மண்பாதை ஓட்டத்தைப் பக்கவாட்டிற் காட்டிய விளையாட்டு. பக்கவாட்டுத் தோற்றமாதலால் சாய்வு என்ற பேச்சுக்கே அதில் இடமில்லை. முன்சக்கரத்தை உயர்த்துவதும் தாழ்த்துவதுமே கலை. மறு ஆண்டு, 1985 இல், சேகா நிறுவனத்தின் யூ சுசுகி என்பார் ஆக்கிய ஹாங்-ஒன் வெளிவந்தது. அது தெருவோட்டத்தைக் காட்டிய விளையாட்டாயினும் நம் பொருளுக்கு முக்கியமானது. ஏனெனில் அதன் பெரிய வடிவிலே விளையாடுபவன் மோட்டார் சைக்கிள் உருவமொன்றின் மேல் ஏறியமர்ந்து, அதனைத் தன் உடற்பாரத்தாலே இருபுறமும் சாய்க்க வேண்டும். உருவம் சாய்ந்த பக்கமே திரையில் வண்டி திரும்பியது. கண்டோர் இதனினும் உண்மை உண்டோ என்று வியந்தனர். ஆராய்ந்து நோக்கின், அங்கே சாய்வு என்பது ஹான்டிலுக்கு மாற்றாக வைக்கப்பட்ட ஒரு நெம்புகோலே. எதிர்த்திருப்பமும் இல்லை, விழுதலும் மீள்தலும் இல்லை. ஆனால் உடலுக்குச் சாய்வை உணர்த்தியமையால் அப்பொய் இனிய பொய்யாயிற்று.

அதற்குப் பின் வந்த விளையாட்டுகளுட் பல, வண்டியை நான்கு சக்கர வாகனம்போலத் திருப்பிவிட்டு, அதன் படத்தை மட்டும் வேகத்துக்கேற்பச் சாய்த்துக் காட்டின. இம்முறையிலே திருப்பம் காரணம், சாய்வு அலங்காரம். 1998 இல் மைக்குரோசொப்ற் வெளியிட்ட மோட்டோகுரொஸ் மட்னஸ் திறந்த வெளிகளையும் பெரும் பாய்ச்சல்களையும் கொண்டு பலரைக் கவர்ந்தது. அதில் எல்லை கடக்க முயலும் ஓட்டி, பீரங்கியிலிருந்து வந்த குண்டுபோலத் திரும்ப உள்ளே எறியப்படுவான். அதனைப் பௌதிகம் என்பதிலும் நகைச்சுவை என்பதே பொருந்தும்.

அலங்காரச் சாய்வில் என்ன குறை? வண்டி தண்டவாளத்திலே ஓடுவதுபோல் தோன்றும். ஜொய்ஸ்ரிக்கை இடமிருந்து வலத்துக்குத் தட்டியவுடன் வண்டியும் இடமிருந்து வலத்துக்கு மாறிவிடும். உண்மையில் 30 பாகை இடப்பக்கம் சாய்ந்த வண்டி, நிமிர்ந்து, மறுபக்கம் 30 பாகை சாய்வதற்கு நேரம் வேண்டும். அந்நேரத்திலே அது எவ்வளவோ தூரம் சென்றுவிடும். அடுத்தடுத்து வரும் இரு வளைவுகளுள் முதலாவதின் நடுவிலேயே இரண்டாவதைப் பற்றி எண்ணத் தொடங்க வேண்டும் என்பதே இவ்வோட்டத்தின் உயிர். அந்நேரத்தை அழித்த விளையாட்டு அவ்வுயிரையும் அழித்துவிடுகிறது.

அப்படியாயின் உண்மை வண்டியையே முழுமையாகக் கணித்து, ஹான்டிலை நேரே விளையாடுபவன் விரலிடம் ஒப்படைத்துவிடலாமே எனின், அதுவும் ஆகாது. இங்கேதான் புதிதாய் நிரல் எழுதப் புகுவோர் பலர் மனமுடைகின்றனர். திணிவு மையம் நிலத்திலிருந்து 0.8 மீற்றர் உயரத்தில் உள்ளதெனக் கொள்க. நிமிர்த்துவார் இன்றி விடப்பட்ட வண்டியில் ஒரு பாகைச் சாய்வு அரைச் செக்கனில் ஏறத்தாழ 3 பாகையாகும். முழுச் செக்கனில் 16 பாகையைக் கடந்துவிடும். உண்மை ஓட்டி இதனைத் தன் உட்செவியாலும், இருக்கையின் அழுத்தத்தாலும், உள்ளங்கையில் வரும் எதிர்விசையாலும் கணத்திற்குக் கணம் உணர்கிறான். நாற்காலியில் இருப்பவனுக்குக் கண் ஒன்றே உண்டு. கண் கண்டு, மனம் உணர்ந்து, விரல் அசையுமுன் வண்டி பாதி விழுந்திருக்கும். ஆதலால் முழு உண்மையை அப்படியே கொடுத்தால் விளைவது உண்மையன்று. எவராலும் ஓட்ட முடியாத ஒரு பொருள்.

இரண்டுக்கும் நடுவழி யாதெனின், கண்ணுக்குப் புலனாகாத ஓட்டியொருவனைக் கணினிக்குள்ளே அமர்த்துவதாம். வண்டியின் இயக்கம் முழுவதும் உண்மையாகவே கணிக்கப்படும். எதிர்த்திருப்பம் இன்றி அது சாயாது. ஆனால் ஜொய்ஸ்ரிக்கின் பொருள் வேறாகிறது. அதனை வலப்புறம் தள்ளுவது ‘ஹான்டிலைத் திருப்பு’ என்னும் கட்டளையன்று. ‘இவ்வளவு சாய்வு வேண்டும்’ என்னும் விருப்பம். மறைந்திருக்கும் ஓட்டி வேண்டிய சாய்வையும் உள்ள சாய்வையும் ஒப்பிட்டு, சாய்வு மாறும் வேகத்தையும் நோக்கி, ஹான்டிலுக்குத் தக்க முறுக்கத்தைக் கொடுக்கிறான். முதலில் எதிர்ப்புறம், பின் உட்புறம் என்னும் ஒழுங்கை எவரும் அவனுக்குக் கற்பிக்க வேண்டுவதில்லை. அது கணக்கிலிருந்தே தானே வரும். பணிவகுப்பும் இதனால் ஒழுங்காகிறது. உண்மை ஓட்டியின் கை அறியாமற் செய்வதைக் கணினி செய்கிறது. அவன் மனம் அறிந்து செய்வதை விளையாடுபவன் செய்கிறான். இம்முறையே சிறந்தது என்பது என் துணிபு.

மறைந்த ஓட்டியின் கை எல்லா வேகத்திலும் ஒரே வலிமையோடு இயங்கலாகாது என்பதை மட்டும் மறவாதிருத்தல் வேண்டும். மோட்டோகுரொஸ் வண்டியின் இரு சக்கரங்களுக்கும் இடைத்தூரம் ஏறத்தாழ 1.48 மீற்றர். செக்கனுக்கு 5 மீற்றர் வேகத்தில் ஹான்டிலின் ஒரு பாகைத் திருப்பம் பக்கமாகத் தரும் ஆர்முடுகல் 0.3 அளவே, 20 மீற்றர் வேகத்தில் அதே ஒரு பாகை 4.7 தரும். வேகம் நான்கு மடங்காயின் பயன் பதினாறு மடங்கு. இதனைக் கவனியாத நிரலில் வண்டி மெதுவாகச் செல்கையில் குடிகாரனைப்போலத் தள்ளாடும், விரைந்து செல்கையில் நடுங்கும். நடை வேகத்துக்குக் கீழே ஹான்டிலைத் திருப்பி நிமிர்த்துவது மிகக் கடினம். அங்கே காலை நிலத்தில் ஊன்றும் ஓட்டியைக் காட்டுவதே நேர்மை.

இதுவரை கூறியது எல்லா இருசக்கர வண்டிக்கும் பொது. மண்பாதைக்கே உரிய சிறப்பு, ஓட்டியின் சாய்வும் வண்டியின் சாய்வும் வேறுவேறாதல். தெருவோட்டப் பந்தயத்தில் ஓட்டி வண்டியினும் மிகுதியாக உட்புறம் தொங்குவான். மண்ணிலே அவன் வண்டியைக் கீழே அழுத்திவிட்டுத் தான் அதன் மேல் நிமிர்ந்து, இருக்கையின் வெளிவிளிம்பில் அமர்ந்து, உட்புறக் காலை முன்னே நீட்டுகிறான். ஒரு கணக்கால் இதனை விளக்குவோம். வண்டி 110 கிலோகிராம், ஓட்டி 70 கிலோகிராம் என்க. வண்டியின் திணிவு மையம் நிலத்தொடுகையிலிருந்து 0.6 மீற்றர் தொலைவிலும், ஓட்டியின் திணிவு மையம் நிலத்துக்கு மேல் 1.1 மீற்றர் உயரத்திலும் உள்ளன. வண்டி 40 பாகை சாய்ந்திருக்க, ஓட்டியின் திணிவு மையத்துக்கும் நிலத்தொடுகைக்கும் இடைப்பட்ட கோடு 16 பாகை மட்டுமே சாய்ந்திருப்பின், இரண்டும் சேர்ந்த தொகுதியின் சாய்வு ஏறத்தாழ 27 பாகையாகும். வளைவின் கணக்குக்கு வேண்டியது இந்த 27 பாகையே. வண்டியின் படம் 40 பாகை சாய்ந்துள்ளதே என்று அந்த 40 ஐக் கணக்கிற் புகுத்திய நிரல், வளைவைப் பெரிதும் பிழையாகக் காட்டும்.

இவ்வாறு செய்வதால் ஓட்டிக்கு என்ன பயன்? மண்ணிலே ரயர் எக்கணமும் வழுக்கக்கூடும். வழுக்கிய கணத்தில், மேலே நிமிர்ந்திருப்பவன் தன் உடலைப் பெரிதும் அசைக்காமல் வண்டியை மட்டும் நிமிர்த்தித் தப்பலாம். உட்புறம் தொங்குபவன் வண்டியோடு வீழ்வான். அன்றியும் சாய்ந்த ரயரின் பக்கத்திலுள்ள முட்கள் மண்ணிலே புதைந்து பிடிக்கும். ஆதலால் விளையாடுபவனிடம் இரு கட்டளைகளைப் பெறுதல் வேண்டும்: ஒன்று வண்டிக்கு, மற்றொன்று உடலுக்கு. 2009 இல் வெளிவந்த எம்எக்ஸ் வேர்சஸ் ஏரிவி ரிஃப்ளெக்ஸ் என்னும் விளையாட்டு இதனைத் துணிந்து செய்தது. கட்டுப்பாட்டுக் கருவியின் இடக்கோல் வண்டியை ஆள, வலக்கோல் ஓட்டியின் உடலை ஆண்டது. ஓடும் வண்டிகளால் மண் உழப்பட்டுத் தடம் பதிவதையும் அது காட்டியது. தொடக்கத்தில் இரு கையும் இரு வேலை செய்வது தலையைத் தட்டிக்கொண்டே வயிற்றைத் தடவுவதுபோல இருக்கும். பழகியபின் ஒற்றைக் கோல் விளையாட்டுகள் ஒரு கை கட்டப்பட்டவைபோலத் தோன்றும்.

பதிந்த தடமும் எழுந்த மண்ணணையும் வெறும் அழகுக்காக உள்ளவையல்ல. வளைவின் வெளிவிளிம்பிலே சக்கரங்கள் ஒதுக்கிய மண் சாய்ந்த அணையாக எழும்புகிறது. 10 மீற்றர் ஆரையுள்ள வளைவையும் 0.5 என்னும் உராய்வுக் குணகத்தையும் எடுத்துக்கொள்வோம். சமதரையில் மணிக்கு 25 கிலோமீற்றருக்கு மேற் சென்றால் வண்டி வழுக்கும். அதே வளைவில் 30 பாகை சரிந்த மண்ணணை இருப்பின் மணிக்கு ஏறத்தாழ 44 கிலோமீற்றர் வரை செல்லலாம். பந்தயம் நடக்கும்தோறும் பாதை மாறுகிறது; பாதை மாறுந்தோறும் செல்லத்தக்க வழி மாறுகிறது. நிலத்தின் சரிவை ஒவ்வொரு சக்கரத்தின் அடியிலும் தனித்தனியே கணியாத விளையாட்டில் இவ்வணை, கண்ணுக்குத் தெரிந்தும் காலுக்குத் தட்டுப்படாத பேய் மதில்போல ஆகிவிடும்.

பாய்ச்சலைப் பற்றியும் சிறிது கூறுதல் வேண்டும். வண்டி நிலத்தைவிட்டு எழுந்தபின் வெளியிலிருந்து அதனைச் சுழற்றுவார் எவருமில்லை. மொத்தக் கோண உந்தம் மாறாது. எனினும் ஓட்டிக்கு ஒரு வழி உண்டு. பின்சக்கரத்தை எக்சிலேற்றரால் விரைவுபடுத்தினால் அதன் எதிர்விளைவாக வண்டியின் முன்பக்கம் உயரும். பின் பிறேக்கை அழுத்திச் சக்கரத்தை நிறுத்தினால் முன்பக்கம் தாழும். சக்கரத்தின் சடத்துவத் திருப்பம் 0.6, வண்டியும் ஓட்டியும் சேர்ந்த ஏனைய பகுதியினது 30 எனக் கொள்க. செக்கனுக்கு 40 ஆரையன் வேகத்திற் சுழன்ற சக்கரம் நின்றால், வண்டி செக்கனுக்கு 0.8 ஆரையன், அதாவது ஏறத்தாழ 46 பாகை வீதம் முன்னே கவியத் தொடங்கும். செக்கனுக்கு 6 மீற்றர் வேகத்தில் மேலெழுந்தவன் வானில் இருப்பது 1.2 செக்கன், அதற்குள் 50 பாகைக்கு மேற் கவிழ்ந்துவிடலாம். இவ்வளவு வல்லமை உண்மையிலேயே கையில் இருக்க, பொத்தானை அழுத்தியதும் வண்டி காரணமின்றி வானிலே சுழல்வதாகக் காட்டுவது வீண்.

திரையின் தோற்றம் பற்றி இரு கருத்துகள் உண்டு. ஓட்டியின் கண்வழியே காட்டும்போது, வண்டி சாய்ந்தால் தொடுவானமும் சாய வேண்டும் என்பார் ஒருசாரார். அது பார்ப்பதற்கு வேகத்தை ஊட்டும். ஆனால் தேர்ந்த ஓட்டி வளைவிலே தலையைத் தொடுவானத்தோடு ஒப்ப நிமிர்த்தியே வைத்திருப்பான். அவன் காண்பது சாய்ந்த உலகத்தையன்று, நிமிர்ந்த உலகத்திலே சாய்ந்த தன் வண்டியை. ஆகவே தொடுவானத்தைப் பெரும்பாலும் நிலையாக வைத்து, ஹான்டிலும் முன்சக்கரமும் அதன்கீழ்ச் சாய்வதாகக் காட்டுவதே தக்கது. எதிர்த்திருப்பத்தின் அந்தச் சிறு அசைவும் அப்போதுதான் கண்ணிற்படும்.

இனி, இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்ற வினா மீண்டும் எழலாம். நம் பிள்ளைகளுட் பலர் சாரதி அனுமதிப்பத்திரம் பெறும் வயது வருமுன்னரே திரையில் ஆயிரம் வளைவுகளைக் கடந்துவிடுகின்றனர். அவ்வளைவுகள் கற்பித்தது யாது என்பது பெற்றோரும் ஆசிரியரும் கேட்கவேண்டிய கேள்வி. முன்னர்க் கூறிய 15 மீற்றர் வளைவையே மீண்டும் எடுப்போம். உலர்ந்த வீதியின் உராய்வுக் குணகம் 0.7 என்க. 34 பாகைச் சாய்வோடு செல்பவன் அதில் 0.68 ஐத் திருப்பத்துக்கே செலவிட்டுவிட்டான். எதிரே மாடு வந்ததென்று பிறேக்கை அழுத்தினால் எஞ்சியிருப்பது 0.02 அன்று, திருப்பவிசையும் நிறுத்தும் விசையும் செங்கோணத்தில் உள்ளமையால் 0.17 வரை உண்டு. ஆயினும் அதுவும் சொற்பமே. நம் கடற்கரை வீதியில் காற்று கொண்டுவந்து படிய வைத்த மணலின்மேல் அக்குணகம் 0.4 ஆகக் குறைந்திருப்பின், பிறேக்கைத் தொடாமலே வீழ்வான். சாய்வை அலங்காரமாகக் கொண்ட விளையாட்டு இச்செலவுக் கணக்கை மறைக்கிறது; முழுச் சாய்விலும் முழுப் பிறேக்கை அழுத்தலாம் என்று விரலுக்குக் கற்பிக்கிறது. உண்மையைக் கணிக்கும் விளையாட்டோ அதே தவற்றுக்கு ஆயிரம் முறை வீழ்த்தும், ஒரு கீறலும் இன்றி. திரையிற் கற்றவன் அதனாலேயே வீதியில் வல்லவனாகிவிடுவான் என்று நான் கூறவில்லை. உட்செவியும் அச்சமும் திரையில் இல்லை. பொய்யைப் பழகிய விரலைத் திருத்துவது, பழகாத விரலைப் பயிற்றுவதினும் கடினம் என்பதே என் கவலை.

இத்தகைய நிரலொன்றை எழுதப் பெரிய ஆய்வுகூடம் வேண்டியதில்லை. ஒரு கணினியும், உயர்தர வகுப்பின் கணிதமும், பொறுமையும் போதும். முதலில் ஓட்டியற்ற வண்டி விழுவதைச் சரியாக விழச் செய்க. ஒரு பாகை அரைச் செக்கனில் மூன்றாகிறதா என்று பார்க்க. அடுத்து மறைந்த ஓட்டியை அமர்த்துக. வண்டியின் சாய்வையும் உடலின் சாய்வையும் பிரிப்பது அதன்பின். மண்ணும் பாய்ச்சலும் புழுதியும் கடைசியிலேதான். இவ்வொழுங்கை மாற்றிப் புழுதியிலிருந்து தொடங்குவோரே மிகப் பலர்.

நிரல் எழுதுமுன் செய்து பார்க்கத்தக்க சோதனையொன்றுண்டு. கல்லூரி மைதானத்தில் ஈரமற்ற சமதரையைத் தெரிந்து, அதன் ஓரத்திலே சிறிது நீரை ஊற்றி, துவிச்சக்கரவண்டியை அந்நீரின் ஊடே மிதமான வேகத்தில் ஓட்டுக. நீரைக் கடந்ததும் உடலை அசைக்காது, வலக்கைப் பிடியை மட்டும் உள்ளங்கையால் மெல்ல முன்னே தள்ளுக. ஹான்டில் இடப்புறம் திரும்பும். வண்டியோ வலப்புறம் வளையும். பின் இறங்கி வந்து, தரையில் உலர்வதற்கு முன் இரு ஈரத்தடங்களையும் நோக்குக. முன்சக்கரத்தின் தடம் முதலிற் பின்சக்கரத்தின் தடத்தைவிட்டு இடப்புறம் சிறிது விலகிச் சென்று, பின் அதனைக் குறுக்கே வெட்டிக்கொண்டு வலப்புறம் செல்வது தெரியும். விலகலின் அகலம் சில அங்குலமே. அதனை அடிக்கோலால் அளந்து, வேகத்தை மாற்றி மீண்டும் ஓட்டி, இரண்டு அளவுகளையும் குறித்துக்கொள்க.